வேலையை விட்டால் ஒரு வருஷம் சும்மா இருக்கணுமா? ஒப்பந்தத்தில் போட்டித் தடை இருந்தால் என்ன செய்வது

2009-இல் எனக்கு ஒரு வருஷம் போனது. பினாங்குத் தீவில், தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தேன். சம்பளம் 2,300 வெள்ளி (ரிங்கிட்). பாயான் லெப்பாசில் அதே தொழிலில் இருந்த இன்னொரு நிறுவனம் 3,100 வெள்ளி தருவதாகக் கூப்பிட்டது. ராஜினாமா கொடுத்துவிட்டேன். அன்று இரவு, எதற்கும் பார்ப்போமே என்று பழைய ஒப்பந்தத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். பதினோராவது பக்கத்தில் போட்டித் தடைப் பத்தி ஒன்று இருந்தது. வேலையை விட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குப் பினாங்கு, கெடா, பேராக் மூன்று மாநிலத்திலும் இதே தொழில் செய்யும் எந்த நிறுவனத்திலும் சேரக்கூடாது. சேர்ந்தால் 30,000 வெள்ளி கட்ட வேண்டும்.

கீழே என் கையெழுத்து. என் கணவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "போட்டுட்டியே, இனி என்ன செய்யறது?" என்றார். மறுநாள் புதிய நிறுவனத்துக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். புக்கிட் மெர்தாஜாமில் என் மாமாவின் இரும்புச் சாமான் கடையில் 1,200 வெள்ளிக்கு பில் போட்டேன். பன்னிரண்டு மாதம் முடிந்து மறுபடியும் வேலை தேடிப் போனபோது, எல்லா நேர்முகத் தேர்விலும் முதல் கேள்வி, "இந்த ஒரு வருஷம் ஏன் கடையில் இருந்தீர்கள்?" என்பதுதான். கடைசியில் கிடைத்த வேலைக்குச் சம்பளம் 2,200. முன்பு வாங்கியதைவிடக் குறைவு.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்த வக்கீல் அம்மா ஒருவர் சொல்லித்தான், அந்தப் பத்தி மலேசியச் சட்டப்படி செல்லாது என்று தெரிந்துகொண்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு பிறையில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் 13 வருஷம் இருந்தேன். அங்கேயும் தலைமையகம் அனுப்பிய ஒப்பந்த மாதிரியில் அதே பத்தி இருந்தது. பெயர், ஐ.சி. எண், சம்பளம் மூன்றையும் மாற்றி நூற்றுக்கணக்கான பேருக்கு அதை அச்சடித்து நீட்டியது என் கைதான். எடுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். எடுக்கவில்லை. அந்தப் பாரம் எனக்கு இன்னும் இருக்கிறது. போன வருஷம் என் அக்காள் மகன் வந்து, "சின்னம்மா, நான் ரெண்டு வருஷத்துக்கு வேற எங்கயும் போகக்கூடாதாம்" என்று தாளை நீட்டியபோது, அவனிடம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான் வக்கீல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தாள்களோடு வாழ்ந்தவள். அந்த அளவில் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 28-ஆவது பிரிவைப் பாருங்கள். சட்டப்படியான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கிற எந்த ஒப்பந்தமும், அந்தத் தடுக்கிற அளவுக்குச் செல்லாது. அவ்வளவுதான் அதன் சாரம். "அந்த அளவுக்கு" என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். போட்டித் தடைப் பத்தி விழுந்துவிடும். ஆனால் நோட்டீஸ் காலம், ரகசியம் காப்பது, சாமான்களைத் திருப்பிக் கொடுப்பது என்று ஒப்பந்தத்தின் மற்ற பத்திகள் அப்படியே நிற்கும். பாதிப் பேர் இடறுவது இங்கேதான்.

பழைய வழக்கு ஒன்று இருக்கிறது, 1964-இல் கோத்தா பாருவில் நடந்தது. வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை செய்த ஒரு வக்கீல், வேலையை விட்டபின் இரண்டு வருஷத்துக்குக் கோத்தா பாருவைச் சுற்றி ஐந்து மைலுக்குள் தொழில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தம். ஐந்து மைல்தான், இரண்டு வருஷம்தான். நீதிமன்றம் அது செல்லாது என்றது. வக்கீலே வக்கீலுக்கு எழுதிக் கொடுத்த தாள் நிற்கவில்லை என்றால், எனக்கு மூன்று மாநிலத்தை அடைத்து எழுதிய தாள் எந்த மூலைக்கு?

இதில் ஒரு முக்கியமான விஷயம், காலம் குறைவா, இடம் சின்னதா, நியாயமா என்று பார்ப்பதெல்லாம் சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் உள்ள வழக்கம். அங்கே நீதிமன்றம், கம்பெனிக்குப் பாதுகாக்க வேண்டிய நியாயமான நலன் இருக்கிறதா, தடை அதற்கு மேல் போகிறதா என்று எடை போடும். நியாயம் என்று பட்டால் தடை நிற்கும். நம் 28-ஆவது பிரிவு அந்தத் தராசையே எடுப்பதில்லை. நம் சட்டம் இந்தியாவின் 1872 ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதியது; அங்கே இதே விஷயம் 27-ஆவது பிரிவில் இருக்கிறது. அதனால் சென்னையில் வேலை பார்க்கும் உறவினர் சொல்வது இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் பெரும்பாலும் பொருந்தும். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் சொல்வது பொருந்தாது.

அமெரிக்காவில் இதைத் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. 2024 ஏப்ரலில் அங்குள்ள கூட்டரசு வணிக ஆணையம் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது உண்மை. அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சாசில் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நமக்கு இரண்டுமே சம்பந்தமில்லை.

தடை எப்போது செல்லும்

வேலையில் இருக்கும்போது செல்லும். சம்பளம் வாங்கிக்கொண்டே சனிக்கிழமை போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்தால் 28-ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றாது. "சர்ச்" (Search) ராக் குழுவுக்கும் ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 1994-இல், இதைத்தான் நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது உள்ள கட்டுப்பாடு வேறு, முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு வேறு. நோட்டீஸ் காலமும் வேலைக் காலம்தான். நோட்டீஸ் கொடுத்ததும், "நாளையிலிருந்து வராதே, சம்பளம் போட்டுவிடுவோம், வீட்டில் இரு" என்று சொல்வார்கள். கார்டன் லீவ் என்பது இதற்குப் பெயர். வீட்டில் இருந்தாலும் நீங்கள் அந்தக் கம்பெனி ஆள்தான். அந்த நாட்களில் புது இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

கடையை விற்றவருக்கும் செல்லும். நம்மவர்கள் நிறையப் பேர் கடை வைத்திருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சலூன், மளிகை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை, டியூஷன் நிலையம் எதுவாக இருந்தாலும், அதன் பெயரையும் வாடிக்கையையும் சேர்த்து ஒருவருக்கு விற்றால், குறிப்பிட்ட ஒரு வட்டாரத்துக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது செல்லுபடியாகும். வட்டாரம் நியாயமான அளவாக இருக்க வேண்டும். வாங்கியவர் அங்கே அந்தத் தொழிலைத் தொடர்ந்து நடத்த வேண்டும். லிட்டில் இந்தியாவில் கடையை விற்றுவிட்டு இரண்டு தெரு தள்ளி அதே மசாலாவோடு இன்னொரு கடை திறந்தால், வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக நியாயம் இருக்கிறது. கூட்டாளிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் சில உடன்பாடுகளுக்கும் இதே விலக்கு உண்டு. அதனால் நீங்கள் வேலையாளா, பங்குதாரரா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "உனக்கும் அஞ்சு பர்சென்ட் தர்றேன்" என்று பாஸ் சொல்லி ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தாளைத் தனியாக வக்கீலிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம் மலேசியச் சட்டத்துக்கே உட்படாமல் இருக்கலாம். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும்: இந்த ஒப்பந்தம் இந்த நாட்டுச் சட்டப்படி நடக்கும் என்று. அங்கே சிங்கப்பூர் என்று எழுதியிருந்தால் நிலைமை மாறும். என் அக்காள் மகனின் தாளில் நான் முதலில் தேடியது இந்த வரியைத்தான். மலேசியா என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தே தாரிக் கலக்கிக் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

கையெழுத்துக்கு முன்னால்

ஆபர் லெட்டரில் சம்பளம், அலவன்ஸ், லீவு மூன்றையும்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். முழு ஒப்பந்தம் முதல் நாள் காலையில் வருகிறது. பேனாவையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பழைய வேலையை விட்டாயிற்று, பின்னால் வழி இல்லை. நானும் அப்படித்தான் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன்: பழைய இடத்தில் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே முழு ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். எச்.ஆர். மேசையில் உட்கார்ந்திருந்தவளாகச் சொல்கிறேன், கேட்டவரை நாங்கள் யாரும் தப்பாக நினைத்ததில்லை.

வந்ததும் உட்கார்ந்து, பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். சங்கதியெல்லாம் பின்னால்தான் இருக்கும். நான்கு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் இவை நான்கும் ஒரே தலைப்பின் கீழ் கலந்து கிடக்கும். போட்டி நிறுவனத்தில் சேராதே என்பது ஒன்று. எங்கள் வாடிக்கையாளரையும் எங்கள் ஆட்களையும் இழுக்காதே என்பது இரண்டு. எங்கள் ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பது மூன்று. பயிற்சிக்கு அனுப்புகிறோம், இத்தனை வருஷம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்டு என்கிற பாண்டு நான்கு.

முதலாவதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவதில் எச்சரிக்கை தேவை. வாடிக்கையாளரை இழுக்காதே என்பதும் ஒரு வகைத் தடைதான் என்று வாதாட இடமுண்டு; ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் போகவில்லை, அதிலும் வாடிக்கையாளர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தால் கதை மூன்றாவதோடு சேர்ந்துவிடும். மூன்றாவது செல்லும். வேலையை விட்ட பிறகும் செல்லும். நான்காவதில், தாளில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்று கம்பெனி நினைக்க முடியாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, எழுதிய தொகையை மேல் வரம்பாக வைத்துக்கொண்டு, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கொடுக்கச் சொல்கிறது.

போட்டித் தடை இருந்தால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எப்படியும் செல்லாதே, எதற்குக் கேட்க வேண்டும் என்று என் அக்காள் மகன் கேட்டான். நல்ல கேள்விதான். நாளைக்கு நீங்கள் போகப்போகும் இடத்தின் மேனேஜர் 28-ஆவது பிரிவைப் படித்திருக்க மாட்டார். அவர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் கையெழுத்து போட்ட தாள். "எதுக்கு வம்பு, வேற ஆளைப் பார்ப்போம்" என்பார். இந்தப் பத்தி ஆட்களை நிறுத்தி வைப்பது கோர்ட்டில் நடப்பதால் இல்லை. கோர்ட்டுக்கே போகாமல், நமக்கும் புது முதலாளிக்கும் பயம் காட்டியே நிறுத்தி வைக்கிறது. அதனால் தாளில் அது இல்லாமலே போவது நல்லது.

மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டால் பதில் வராது. ஆங்கிலத்திலோ மலாயிலோ நான்கு வரி போதும்: வேலையில் சேர ஆவலாக இருக்கிறேன், இன்ன எண் பத்தி என் பிழைப்பைப் பிற்காலத்தில் கட்டுப்படுத்துகிறது, அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன், ரகசியம் காப்பது பற்றிய பத்தியில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. கடைசி வரி முக்கியம். கம்பெனிக்கு உண்மையில் வேண்டியது அதுதான், அதை நீங்களாகவே கொடுக்கிறீர்கள். எடுக்க மாட்டோம் என்றால், சுருக்கச் சொல்லுங்கள். "இதே தொழிலில் உள்ள எந்த நிறுவனமும்" என்பதற்குப் பதில் மூன்று நிறுவனத்தின் பெயர்களை எழுதட்டும். 24 மாதத்துக்குப் பதில் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துக்கு அடிப்படைச் சம்பளம் தருவோம் என்று எழுதட்டும். சம்பளம் என்ற பேச்சு வந்ததும் பத்தியையே எடுத்துவிட்ட பாஸை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் என்ன வந்தாலும் அந்த மின்னஞ்சலை வீட்டு முகவரியில் பத்திரமாக வையுங்கள். பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ நாட்டுக் கம்பெனிகள் அங்கே வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் நாட்டு ஒப்பந்த மாதிரியோடு. நம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து அந்தத் தாளைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. கேட்கிறவருக்குத்தான் திருத்துகிறார்கள்.

ராஜினாமா கொடுக்கும் வாரம்

இந்த வாரத்தில்தான் நல்ல பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். பிறைத் தொழிற்சாலையில் ஒரு விற்பனைப் பையன் இருந்தான், சுறுசுறுப்பானவன், எனக்கு மிகவும் பிடித்தவன். புது இடத்தில் சேர அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. எங்கள் தாளில் இருந்த போட்டித் தடையால் அவனை ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் ராஜினாமா கொடுப்பதற்கு முந்தின இரவு, விலைப் பட்டியலையும் வாடிக்கையாளர் வாரியான தள்ளுபடிக் கணக்கையும் தம்ப் டிரைவில் ஏற்றிக்கொண்டான். ஐ.டி. ஆள் மறுவாரம் கணினிப் பதிவை எடுத்து மேசையில் வைத்தார்: மணி இரவு 11.40, கோப்பின் பெயர் எல்லாம் அதில் இருந்தது. கம்பெனி வக்கீல் போட்டித் தடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ரகசியத் தகவலை எடுத்துப் போனான் என்று மட்டும் எழுதினார். அந்தப் பையன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, பயன்படுத்தவில்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தான். இதற்குள் புதிய நிறுவனம் அவனை வேண்டாம் என்றுவிட்டது. அவன் அம்மா எனக்குப் போன் செய்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் ராஜினாமா எண்ணம் வந்த நாளிலிருந்து எந்தக் கோப்பையும் வெளியே எடுக்காதீர்கள். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். திரையைப் போட்டோ எடுக்காதீர்கள். நீங்களே உட்கார்ந்து செய்த எக்செல் என்றாலும், சம்பளம் வாங்கிச் செய்தது கம்பெனிக்குச் சொந்தம். உங்களுடையது எது என்றால், உங்கள் கைப்பழக்கம், அனுபவம், ஒரு மிஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காது. அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. சொந்தக் கைப்பேசியில் வாடிக்கையாளர் எண்கள் இருந்தால், நீங்களாக அழிக்காமல், மேனேஜருக்கு எழுதி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். வேலை வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து கடைசி நாளன்று சொல்லிவிட்டு வெளியேறுங்கள். மடிக்கணினி, அட்டை, சாவி எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

நோட்டீஸ் காலத்தை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள், அல்லது குறைந்த நாட்களுக்கு உரிய பணத்தைக் கட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. எழுதவில்லை என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம்.

எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தில் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருந்தாலொழிய நீங்கள் சொல்லத் தேவையில்லை. பொய்யும் சொல்லாதீர்கள். "ஊருக்குப் போறேன், அம்மாவுக்கு முடியல" என்று சொல்லிவிட்டு மறுமாதம் லிங்க்டின்னில் புதுக் கம்பெனிப் படத்தைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வக்கீல் கடிதம் பெரும்பாலும் கோபத்தில்தான் புறப்படுகிறது. "இப்போதைக்குச் சொல்ல விரும்பவில்லை, நன்றி" என்பது போதும்.

கடைசி நாளில் ஒரு புதுத் தாள் வரும். வெளியேறும் படிவத்தோடு செருகி வைத்திருப்பார்கள். போட்டி நிறுவனத்தில் சேர மாட்டேன் என்று மறுபடியும் உறுதி கேட்கும். நின்றுகொண்டே கையெழுத்து போட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். அதில் கையெழுத்து போட்டால்தான் கடைசிச் சம்பளம் என்று சொன்னால், அப்படிச் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது. நோட்டீஸ் குறைவுக்கான தொகை, முன்பணம், தவறிக் கூடுதலாகக் கொடுத்தது போன்றவை அதில் உண்டு. போட்டியாளரிடம் போகிறார் என்பது அதில் இல்லை. ஒழுங்காக நோட்டீஸ் முடித்தவருக்குக் கடைசி நாளுக்குள் சம்பளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் லேபர் ஆபீசுக்குப் போங்கள், வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம்.

புது இடத்திலும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். முந்தைய முதலாளியோடு ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டிருக்கும். இருக்கிறது என்று எழுதி, பத்தியின் நகலை இணையுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் அதையே காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்கலாம். 28-ஆவது பிரிவைப் பற்றி அவர்களுடைய வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள். 2009-இல் நான் இதைச் செய்திருக்க வேண்டும். போனில் "வரல" என்று சொல்வதற்குப் பதில், "என் ஒப்பந்தத்தில் இப்படி இருக்கிறது, உங்கள் வக்கீலிடம் காட்டுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

வக்கீல் கடிதம் வந்துவிட்டால்

என் அக்காள் மகனுக்குப் புது வேலையில் சேர்ந்த ஐந்தாவது வாரம் வந்தது. பதிவுத் தபால், தடித்த எழுத்து, ஏழு நாளுக்குள் புது வேலையை விட வேண்டும், 60,000 வெள்ளி கட்ட வேண்டும். இரவு பத்து மணிக்குப் பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அது கோர்ட் உத்தரவு இல்லை. ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக எழுதிய கோரிக்கை. ஏழு நாள் என்பது அவர்களாக வைத்த கெடு. அதற்காகக் குப்பையில் போடவும் கூடாது. பழைய பாஸுக்குப் போன் செய்து கெஞ்சவோ சண்டை போடவோ வேண்டாம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த கடிதத்தில் திரும்பி வரும். கைப்பேசியிலோ கணினியிலோ எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் குற்றமில்லாதவரும் குற்றவாளியாகத் தெரிவார்.

பிறகு நிதானமாக ஒரு பேனாவை எடுத்து, கடிதத்தில் உங்கள் மேல் சொல்லும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகக் கோடு போடுங்கள். போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார் என்பது மட்டும்தானா? அல்லது ரகசியத்தை எடுத்தார், வாடிக்கையாளரை அழைத்தார் என்றும் இருக்கிறதா? முதலாவது மட்டும் என்றால் உங்கள் நிலை பலமானது. இரண்டாவது வகை இருந்தால், அதில் துளியாவது உண்மை இருந்தால், வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வகையில்தான் நீதிமன்றம் அவசரத் தடை உத்தரவு கொடுக்க வழி இருக்கிறது.

புது முதலாளியிடம் அன்றே சொல்லிவிடுங்கள், அவருக்கும் ஒரு கடிதம் போயிருக்கலாம். அக்காள் மகன் விஷயத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல், 28-ஆவது பிரிவைக் காட்டி ஒன்றரைப் பக்கப் பதில் எழுதினார். 400 வெள்ளி வாங்கினார். அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தாளும் வரவில்லை. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அவன் கையில் ஒரு கோப்பும் இல்லை, நோட்டீஸ் முழுசாக முடித்திருந்தான், அதனால் அவர் எழுதிய பதில் நின்றது.

கோர்ட் முத்திரையோடு சம்மன் வந்தால் அது வேறு. கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் பக்கம் ஆஜராகிறோம் என்று பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வாங்கிவிடலாம். செல்லாத பத்தியை வைத்துக்கூடத் தோற்கிற வழி இதுதான். அந்த 14 நாளில் தீபாவளி வந்தாலும் சரி, வீட்டில் கல்யாணம் என்றாலும் சரி, முதல் மூன்று நாளுக்குள் வக்கீலைப் பாருங்கள். பணம் இல்லை என்றால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தால் சங்கத்தையும் கேளுங்கள்.

போகும்போது ஆபர் லெட்டர், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், ராஜினாமாக் கடிதம், அவர்கள் ஏற்றுக்கொண்ட கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சாமான் திருப்பிக் கொடுத்த பட்டியல், வந்த கடிதம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்த உறையையும் வீசிவிடாதீர்கள். அவர்கள் எப்போது அனுப்பினார்கள் என்பதற்கு அதில் உள்ள தபால் முத்திரை சாட்சி.